நீர்த்தேக்கத்துக்காகப் பெயரும் ஊரை எழுதிவைக்கும் முறை

ஓர் ஊர் நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயரப் போகிறது என்ற செய்தி பெரும்பாலும் கிராம உத்தியோகத்தரின் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் ஒரு தாளாகவே வந்து சேர்கிறது. அன்று மாலையே கடைத்தெருவில் பேச்சு இழப்பீட்டைச் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு பேர்ச் காணிக்கு எவ்வளவு, கல்வீட்டுக்கு எவ்வளவு, காய்க்கும் தென்னைக்கு எவ்வளவு என்ற கேள்விகள் நியாயமானவையே. ஆனால் நில அளவையாளரும் விலைமதிப்பாளரும் அளந்து போவது காணியையும் கட்டடத்தையும் மரத்தையும் மட்டுமே. யார் யாருக்கு அயல், எந்தக் கிணற்றில் எத்தனை வீட்டார் தண்ணீர் அள்ளுகிறார்கள், எந்தக் கடை எந்தத் தெருவை நம்பி நிற்கிறது என்பவற்றை ஊரவர் தாமே எழுதிவைக்காவிட்டால் எழுதுவதற்கு வேறு எவரும் இல்லை. எழுதப்படாத ஒன்றைப் புதிய இடத்தில் கேட்டுப் பெறுவதும் மிகக் கடினம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சிற்றூர்களையும் சிறு நகரங்களையும் மனதில் வைத்து, அந்த எழுத்து வேலையை எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

நமக்கு இது தொலைவான விடயம் அன்று. 1949இல் இங்கினியாகலையில் வேலை தொடங்கி உருவான சேனாநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி அளவு நீரைக் கொள்ளும். அம்பாறையின் வயல்கள் இன்றும் அதன் நீரில் விளைகின்றன. நாம் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல்லோயாவின் மேற்பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வாழ்ந்த வேடுவர் குடிகள் அந்த நீருக்காகத் தங்கள் இடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுடைய வாழிடங்களின் பெயர்களை, அதே நீரில் வயல் செய்கிற நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? மலையகத்தில் 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் மவுசாக்கலையின் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து வெளித்தெரிவதைப் பார்க்க மக்கள் இன்றும் திரளுகிறார்கள். கட்டடம் எங்கே இருந்தது என்பதை இப்படிக் கண்டுகொள்ளலாம். கோயிலுக்கு எதிர்வளவில் யார் இருந்தார்கள் என்பதை எந்த வறட்சியும் காட்டாது.

காலக்கணக்கு

முதலில் சட்டத்தின் படிகளை அறிந்துகொள்ளுங்கள். ஏனெனில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தவணை உண்டு. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல், அப்பகுதியில் அரசுக்குக் காணி தேவைப்படுகிறது என்றும் அதிகாரிகள் உள்ளே வந்து ஆராயலாம் என்றும் மட்டுமே சொல்கிறது. காணி போய்விட்டது என்பது அதன் பொருள் அன்று. 4ஆம் பிரிவு அறிவித்தலில் ஆட்சேபம் தெரிவிப்பதற்கான திகதி குறிக்கப்பட்டிருக்கும். ஊர் ஒன்றாகப் பேசுவதற்குரிய வாய்ப்பு அதுவே. 5ஆம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில் வெளியானபின், அந்தக் காணி பொதுத் தேவைக்கு வேண்டியதா என்று வாதாட இடமில்லை. 7ஆம் பிரிவு அறிவித்தல் உரிமை கோருவோரை எழுத்தில் கோருமாறு அழைக்கிறது. சந்தை விலை கணிக்கப்படுவது இந்த அறிவித்தல் வர்த்தமானியில் வெளியான நாளை அடிப்படையாகக் கொண்டே என்பதால், வீடு, மதில், கிணறு, மலசலகூடம், மரங்கள் யாவும் அந்த நாளில் எந்த நிலையில் இருந்தன என்பதைத் திகதி தெரியும் படங்களாக எடுத்துவைக்க வேண்டும். விசாரணை முடிந்து 17ஆம் பிரிவின் கீழ் வரும் தீர்ப்புத் தொகை போதாது என்று கருதுபவர் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு முறையீடு செய்யலாம். இந்த 21 நாளைத் தவறவிட்டவர்கள் பலர். கடிதம் கைக்குக் கிடைத்த திகதியை உறையின் மீதே எழுதிவைத்தால் பின்னர் தடுமாற வேண்டியிராது.

அவசரம் என்ற காரணத்தைக் காட்டி, 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தின் கீழ், இழப்பீடு தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே காணியைக் கையேற்க முடியும். ஆகவே ஊரைக் கொப்பிகளில் எழுதிவைக்கும் ஊர்ப்பதிவு வேலையை 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்ட வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். 7ஆம் பிரிவு வரட்டும் என்று காத்திருப்பது பெரும் பிழை.

காணிச் சட்டத்துக்கு வெளியிலும் கைகொடுக்கும் ஏற்பாடுகள் சில உண்டு. நூறு குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டத்துக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியிடப்பட்டபின் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கிறது. விருப்பின்றிய மீள்குடியமர்வு பற்றி 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசியக் கொள்கை, இருபது குடும்பங்களோ அதற்கு மேலோ பாதிக்கப்படும்போது முழுமையான மீள்குடியமர்வுத் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும் என்கிறது. காணி உறுதிப் பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தின் பிரதியைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டிய கடமை தகவல் உத்தியோகத்தருக்கு உண்டு.

ஊர்ப்பதிவு

இனி வேலையின் உயிரான பகுதிக்கு வருவோம். தெருவுக்கு ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு கொப்பிக்கும் இருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும், அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவர் அவர்களுடன் நடக்க வேண்டும். பாடசாலை மண்டபத்தின் தரையில் பிறவுன் தாள்களை ஒட்டி விரித்து, சந்தியையும் குளக்கட்டையும் முதலில் வரைந்து, அங்கிருந்து வீடு வீடாக நகருங்கள். முதியவர்களிடம் வடக்கு, தெற்கு என்று கேட்பதைவிட எழுவான் (சூரியன் எழும்) பக்கமா, படுவான் (சூரியன் மறையும்) பக்கமா என்று கேட்டால் கை தானாகவே சரியான இடத்தைக் காட்டும்.

ஒவ்வொரு வளவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வளவு யாருடையது, யாருக்கு யாரால் கொடுக்கப்பட்டது, இப்போது அங்கே எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள். அடுப்பைக் கேட்பதே சரியான கேள்வி. ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பம் தனித்தனியே சமைத்தால் அது இரண்டு குடும்பம், அந்த இரண்டுக்கும் புதிய ஊரில் தனித்தனிக் காணி வேண்டும். கிணற்றின் ஆழத்தைக் கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்து, ஆவணியில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். மரங்களை வெறும் எண்ணாக எழுதாமல் காய்ப்பது எது, இன்னும் காய்க்காதது எது என்று பிரித்து எழுதுங்கள்.

2004 சுனாமிக்குப் பிந்திய மீள்குடியமர்வின்போது அம்பாறைக் கரையோரத்தில் விவரம் சேகரிக்கும் களப்பணியாளனாக இருந்தேன். ஒரு வளவில் தாயின் வீடும், அதை ஒட்டி மூன்று பெண்மக்களின் வீடுகளும் இருந்த இடத்தில் அத்திவாரக் கற்கள் மட்டும் எஞ்சியிருந்தன. நான்கு வீடுகளுக்கும் இடையே இருந்த கிடுகு வேலிகளில் ஆள் நுழைந்து போகும் அளவுக்குக் கடப்பு விட்டிருந்த இடங்களை மூத்த மகள் காலால் தொட்டுக் காட்டினார். பிள்ளைகள் எந்த அடுப்படியில் பசித்தார்களோ அங்கேயே சாப்பிட்டதாகச் சொன்னார். என் கையிலிருந்த படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரேயொரு கோடுதான் இருந்தது. நான் கணவரின் பெயரை எழுதினேன். “தம்பி, இந்த வளவு எங்கட அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. நீங்க ஏன் அவர்ர பேரை எழுதுறீங்க?” என்று அவர் கேட்டார். படிவத்தில் வேறு இடமில்லை என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன். பின்னர் வீடுகள் சீட்டுக் குலுக்கி வழங்கப்பட்டபோது நான்கு குடும்பங்களும் நான்கு வரிசைகளில் விழுந்தன. தாய்க்குக் கிடைத்த வீட்டிலிருந்து கடைசி மகளின் வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதே வழக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே முறை. அரச படிவங்கள் இந்த வழக்கை அறியாமல் எழுதப்பட்டவை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு அட்டவணையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தினாலேயே நீங்கியது. எனவே ஊர்ப்பதிவின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இந்த வளவு எந்தப் பெண்ணுக்கு, யாரால், எந்த ஆண்டில் கொடுக்கப்பட்டது’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். பெண்களிடம் இதைப் பெண்ணே கேட்பது நல்லது. கணவர் முன்னிலையில் சொல்லத் தயங்கும் செய்தி குசினியில் எளிதாக வெளிவரும்.

பத்திரங்கள்

1978 சூறாவளி, 1990இன் இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று நம் மாவட்டங்களில் பத்திரம் தொலைவதற்குக் காரணங்கள் அடுக்கடுக்காக உண்டு. உறுதி தொலைந்தவர் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியைப் பெறலாம். அரச காணிக்கான பெமிற் (அனுமதிப் பத்திரம்) அல்லது அளிப்புப் பத்திரம் தொலைந்தவர் பிரதேச செயலகத்திலுள்ள காணிப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாதவர் பழைய வாக்காளர் இடாப்பு, சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள முகவரி, பாடசாலை அனுமதிப் பதிவேடு ஆகியவற்றைத் திரட்டி, தொடர்ச்சியாகக் குடியிருந்ததைக் காட்டலாம். வயலுக்கு, கமநல சேவை நிலையத்திலுள்ள வயற்காணி இடாப்பு முக்கியம். காணிக்காரர் பெயர் மட்டும் இருந்து குத்தகைக்குச் செய்பவரின் பெயர் விடுபட்டிருந்தால், அறிவித்தல்கள் தொடர்வதற்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும். போடியாரிடம் (பெருவயல் சொந்தக்காரரிடம்) முல்லைக்காரராக, அதாவது வயல் வேலையாளாக, காலம் முழுவதும் வேலை செய்தவரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது. ஊர்ப்பதிவில் அவருக்குத் தனிப் பக்கம் கொடுத்து, வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையின் கையொப்பத்தையும் வாங்குங்கள்.

கடைத்தெரு

சிறு நகரத்தைப் பெயர்க்கும்போது மிக அதிகமாக அடிபடுவது கடைத்தெருதான். கட்டடச் சொந்தக்காரருக்கு இழப்பீடு வரும். வாடகைக்கு இருந்து சில்லறைக் கடை நடத்தியவர், விறாந்தையில் மெசினைப் போட்டுத் தைத்தவர், ஆலமரத்தடியில் சைக்கிள் திருத்தியவர், பஸ் தரிப்பிடத்தில் வெற்றிலை விற்ற அம்மா ஆகியோர் இழப்பது இடத்தை மட்டுமல்ல, அந்த இடத்துக்கு வந்துபோன ஆட்களையும்தான். பிரதேச சபையின் வியாபார உரிமம், வாடகைப் பற்றுச்சீட்டு, மொத்தக் கடைக்காரரின் பட்டியல்கள் என்பவற்றை ஒரு கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள். எதுவும் இல்லாதவருக்கு, எத்தனை ஆண்டாக, நாளுக்கு எத்தனை மணிநேரம், எந்த எந்தத் தெருவினர் வாடிக்கை என்று எழுதி, அக்கம்பக்கத்துக் கடைக்காரர் மூவரிடம் ஒப்பம் பெறுங்கள்.

சில்லறைக் கடையின் கடன் கொப்பியை நான் மிகவும் மதிக்கிறேன். அரிசி மூட்டைக்கு மேலே ஆணியில் சணல் கயிற்றால் தொங்கும் அந்தக் கொப்பியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் இருக்கும். எண்ணெய் விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்திருக்கும். ‘பள்ளிக்கூடத்தடி அக்கா’, ‘அவவின் நடு மகள்’, ‘மேசன் தம்பி வீடு’ என்று பெயர்கள் கிடக்கும். எந்த வீட்டுக்கு எந்த வீடு உறவு, யார் யாருடைய கணக்கில் சாமான் எடுக்கலாம் என்பது எந்தக் குடிசன மதிப்பிலும் இராத நுணுக்கத்துடன் அதில் பதிந்திருக்கிறது. கடைக்காரரின் சம்மதத்துடன், தொகைகளை விட்டுவிட்டு, பெயர்களையும் உறவுகளையும் மட்டும் படியெடுங்கள். தெருக்கொப்பிகளோடு ஒப்பிட்டால் விடுபட்ட குடும்பங்கள் உடனே தெரியவரும். அந்தக் கடைக்குப் புதிய ஊரில் இடம் ஒதுக்கும்போது, அதே பெயர்களின் வீடுகள் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கும் அந்தப் படியே ஆதாரம்.

பொதுவானவை

மேய்ச்சல்தரை, மாட்டுக்காலை, குளத்து மீன், விறகுக்காடு, சந்தைக் கொட்டகை, விளையாட்டு மைதானம் ஆகியவை யாருடைய உறுதியிலும் இல்லாதவை. அதனாலேயே அவை கணக்கில் விடுபடுகின்றன. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல்தரைக்காக நடத்திவரும் நீண்ட போராட்டத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; பரம்பரையாகப் பயன்படுத்துவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. ஒவ்வொரு பட்டியிலும் எத்தனை மாடு, மாரியில் எங்கே, கோடையில் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று மாதவாரியாக எழுதி வரைபடத்தில் குறியுங்கள்.

கோயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விக்கிரகத்தைப் பாலஸ்தாபனம் செய்து எடுத்துச்செல்லும் முறையைக் குருமார் அறிவார்கள். ஊரவர் எழுத வேண்டியது குடிமுறையை, அதாவது தாய்வழிக் குலங்களான குடிகளுக்கிடையே கோயில் உரிமைகள் பகிரப்படும் முறையை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கின் எந்த நாள் எந்தக் குடிக்குரியது, கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் எந்தக் குடியிலிருந்து வருகிறார், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, ஊர்வலம் எந்தத் தெருவால் போய் எந்த வளவு வாசலில் நிற்கும் என்பவை பழைய ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் எழுதப்படாமலே இருக்கும். புதிய ஊரில் தெருக்கள் மாறியதும் முதல் சடங்கிலேயே பிணக்கு எழும். இடம்பெயர்வதற்கு முன் வரும் கடைசிச் சடங்கில் எல்லாக் குடித் தலைவர்களும் கூடி ஒப்பமிட்ட ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்கும் இதே போல, அதன் பொறுப்பாளர்களான மரைக்காயர்களின் முறையை எழுதலாம். மயானமும் மையவாடியும் நீருக்குள் போகுமானால், எந்தக் கல்லறை யாருடையது என்று பட்டியலிட்டு, எச்சங்களை எடுப்பதா விடுவதா என்பதை அந்தந்தக் குடும்பத்தின் முடிவுக்கே விடுங்கள். ஊர்க்கூட்டத்தில் கை உயர்த்தி முடிவெடுக்கும் விடயம் அதுவன்று.

புதிய இடம்

காட்டப்படும் இடத்தை ஒருமுறை பார்த்துத் தலையாட்டாதீர்கள். மார்கழி மழையில் ஒருமுறையும் ஆவணிக் கோடையில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். வெள்ளம் நிற்கும் பள்ளமும் கிணறு வற்றும் மேடும் அப்போதுதான் தெரியும். குறைந்தது மூன்று இடங்களில் சோதனைக் கிணறு தோண்டி, தண்ணீரின் உவர்ப்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காட்டோரமாக இருந்தால் யானை வரும் தடத்தை அருகிலுள்ள விவசாயிகளிடம் விசாரித்து, மின்வேலி போட்டு முடிவதற்கு முன் குடியேற மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

காணிப் பகிர்வுக்குச் சீட்டுக் குலுக்குவது நேர்மையான முறையாகவே தோன்றும். ஆனால் தனித்தனிக் குடும்பமாகக் குலுக்கினால் ஊர் சிதறும். ஊர்ப்பதிவைக் கொண்டு, தாயும் பெண்மக்களும் அயலவரும் சேர்ந்த எட்டு, பத்து வீட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு சீட்டு என்று குலுக்கும்படி கேளுங்கள். கூட்டத்துக்குள் யார் எந்தத் துண்டு என்பதை அவர்களே பேசி முடிப்பார்கள். பாரபட்சத்துக்கு இடமில்லாமலும் அயல் கலையாமலும் பகிர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சீதனக் காணிக்கு ஈடாகக் கிடைக்கும் காணி பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். ஊரின் பெயரையும் விட்டுக்கொடுக்காதீர்கள். மஸ்கெலியாவும் தெல்தெனியவும் இடம் மாறியும் பெயர் மாறவில்லை.

புறப்படும் காலம் பெரும்போக அறுவடைக்குப் பிறகு, சித்திரையை அடுத்து அமைவது நல்லது. நெல் வீடு வந்திருக்கும், வீடு கட்டி முடிக்க மாரிக்கு முன் நாளும் இருக்கும். கடன் கொப்பிக் கணக்குகளைப் புறப்படுவதற்கு முன் இருதரப்பும் ஒப்பமிட்டு முடித்துக்கொள்ளட்டும்.

ஊர்ப்பதிவை நான்கு பிரதிகள் எடுங்கள். ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கையளித்து, கிடைத்ததற்கான முத்திரையை மற்றப் பிரதிகளில் வாங்குங்கள். ஒன்று பாடசாலையில், ஒன்று கோயிலில் அல்லது பள்ளிவாசலில், ஒன்று வெளியூரில் இருக்கும் ஊரவர் ஒருவரிடம் இருக்கட்டும். குடியேறி ஆறு மாதம் கடந்ததும் ஊரைக் கூட்டி, கொப்பிகளை முதற்பக்கத்திலிருந்து உரத்து வாசியுங்கள். கிணறு, கடை, தரிப்பிடம், மேய்ச்சல்தரை, இன்னாருக்கு இன்னார் அயல் என்று ஒவ்வொரு வரியாக வாசிக்கும்போது, எதிரே ‘வந்தது’ அல்லது ‘வரவில்லை’ என்று மட்டும் குறியுங்கள். ‘வரவில்லை’ என்று குறித்த வரிகளைத் தனித் தாளில் எழுதி, பிரதேச செயலாளருக்கும் திட்ட அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் பற்றுச்சீட்டைக் கொப்பியின் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.